மூளை காத்த மருத்துவர்

முன்னுரை

எண் சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் மொழி. அதற்கேற்ப, மூளையை நாற்புறமும் இடைவெளியின்றி எலும்பால் மூடி, கோட்டைக்குள் அரசனை வைத்துக் காப்பது போல இயற்கை காத்து வருகின்றது. பகை வெளியே நிற்கும்வரை மதிலின் உறுதி நன்மையே ஆகும். பகை மதிலுக்கு உள்ளேயே தோன்றிவிட்டாலோ, அம்மதிலே உள்ளிருப்போர்க்குச் சிறையாகிவிடும். வெளியேற வழியின்றி அவர்கள் நெருக்குண்டு மடிவர்.

மண்டையோடும் இத்தகைய கோட்டையே. அதனுள் கட்டி வளர்ந்தாலும், குருதி கசிந்து தேங்கினாலும், அடிபட்ட மூளை வீங்கினாலும் அழுத்தம் மிகும். அழுத்தம் எல்லை கடந்தால் மூளை தன் இருப்பிடத்தை விட்டு நழுவி, கிடைத்த இடுக்கு வழியே பிதுங்கும். இதனை மூளைப் பிதுக்கம் என்பர். காலத்தில் கண்டறிந்து உதவாவிடின் இது சில நாழிகையில் உயிரைக் கவர்ந்துவிடும். இக்கொடுமையோடு வாழ்நாள் முழுதும் போராடி, ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைக்க வழி வகுத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் ஹார்வி குஷிங் என்பது.

பிறப்பும் கல்வியும்

குஷிங் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 8ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் பதின்மருள் இவரே இளையவர். தந்தையார் மருத்துவர்; பாட்டனாரும் மருத்துவர்; அவருடைய தந்தையாரும் மருத்துவரே. வழிவழியாக வந்த அத்தொழிற்பற்று இவரிடமும் வேரூன்றியதில் வியப்பில்லை.

ஏல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1891ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். படிப்பில் ஊக்கம் மிக்கவராயினும் ஏட்டுப் புழுவாக இருந்தாரல்லர். தந்தையாரின் விருப்பத்திற்கு மாறாகவும் பந்து விளையாட்டில் ஈடுபட்டுப் பல்கலைக்கழகக் குழுவில் இடம் பெற்றார். ஓவியம் வரைவதிலும் அவர் கை தேர்ந்திருந்தது. அக்கலை பிற்காலத்தில் அறுவை அறையிலும் அவருக்குத் துணை நின்றது. ஏலில் படிப்பு முடிந்தபின், பாஸ்டன் நகரத்து ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

மறவாத ஒரு சாவு

அக்கல்லூரியில் மாணவராக இருந்த நாளில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று அவருடைய வாழ்வின் போக்கையே மாற்றியது. ஒரு நாள் மருத்துவமனையில் மற்ற மாணவரோடு அமர்ந்து அறுவை மருத்துவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென அவரை அழைத்து, அடுத்த அறையில் இருந்த முதியவர் ஒருவர்க்கு ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுக்குமாறு பணித்தனர். அம்முதியவர் யார், அவர் நோயின் நிலை யாது என்பதொன்றும் குஷிங்கிற்குத் தெரியாது. மயக்க மருந்து கொடுக்கும் முறையையும் அவர் கற்றவரல்லர். பக்கத்தில் நின்ற பணியாள் சொல்லியபடி மருந்தை முகர்வித்தார். விரைவில் கொண்டுவருக என்று அறுவைக் கூடத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஆணை வந்தது. முதியவர் குமட்டித் தவித்தார், பின் மயங்கினார். கூடத்திற்குக் கொண்டு சென்றதும் அவர் வாயிலிருந்து நீர் பெருகி, மூச்சுக்குழலுள் புகுந்தது. அங்கேயே அவர் உயிர் நீங்கிற்று.

இளைஞர் குஷிங் ஒருபுறம் ஒதுங்கி நின்றார். தம் கையால் ஓர் உயிரைப் போக்கிவிட்டோமே என்று நெஞ்சம் பதைத்தார். ஆனால் அங்கிருந்தோர் எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அந்நோயாளி குடலிறக்கம் முற்றி இரவு முழுதும் வாந்தி எடுத்தவர் என்றும், இவ்வாறு நேர்வது வழக்கமே என்றும், இதனை மறந்துவிட்டுப் படிப்பைத் தொடர்வதே நன்று என்றும் கூறினர். குஷிங் படிப்பைத் தொடர்ந்தார். ஆனால் அந்நிகழ்ச்சியை மட்டும் அவர் இறுதிவரை மறக்கவில்லை.

பிறர் குற்றம் சாட்டாதபோது தன்னைத் தானே கேள்வி கேட்பவனே சான்றோன். குஷிங்கும் தம் நண்பர் காட்மன் என்பாரும் கூடி ஆராய்ந்தனர். மயங்கிக் கிடப்பவன் தன் துன்பத்தைச் சொல்ல மாட்டான். ஆனால் அவனுடைய நாடியும் மூச்சும் இடைவிடாது பேசிக்கொண்டே இருக்கின்றன. அப்பேச்சைக் கேட்பார் இல்லாமையே சாவிற்குக் காரணம் என்று உணர்ந்தனர். ஆதலின், 1894ஆம் ஆண்டில் ஒரு தாளிற் கட்டங்கள் வரைந்து, அறுவை தொடங்கியது முதல் முடியும்வரை நோயாளியின் நாடித் துடிப்பையும் மூச்சையும் சிறிது நேரத்திற்கு ஒரு முறை குறித்து வந்தனர். எளிய தாளே எனினும் அதன் பயன் பெரிது. இன்று உலகில் எந்த அறுவைக் கூடத்திலும் இத்தகைய குறிப்பின்றி மயக்க மருந்து கொடுப்பாரில்லை.

அந்நாளைய மூளை அறுவை

1895ஆம் ஆண்டில் குஷிங் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் பால்டிமோர் நகருக்குச் சென்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்னும் பேராசிரியரிடம் அறுவை மருத்துவம் பயின்றார். விரைவே திறமை என்று கருதப்பட்ட காலம் அது. ஹால்ஸ்டெட்டோ மெல்லச் செல்க, குருதியை வீணாக்கற்க, தசையை நோகச் செய்யற்க என்று கற்பித்தார். அப்பொறுமை குஷிங்கின் இயல்போடு பொருந்தியது.

மூளையை அறுத்து மருத்துவம் செய்வது அந்நாளில் மிக அரிய செயல். மயக்க மருந்து வந்துவிட்டது. நோய்க்கிருமிகளைக் கொல்லும் முறையும் வந்துவிட்டது. மூளையின் எப்பகுதி எவ்வுறுப்பை ஆள்கிறது என்னும் அறிவும் ஓரளவு வளர்ந்திருந்தது. 1884ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் காட்லீ என்னும் மருத்துவர் மூளைக் கட்டி ஒன்றை அகற்றினார். நோயாளி ஏறத்தாழ நான்கு வாரங்களே வாழ்ந்தார். அதன்பின் முயன்றோர் பலர். பிழைத்த நோயாளிகள் சிலர். மண்டையைத் திறந்தவுடன் மூளை வெளியே பொங்கிப் பிதுங்குவதைக் கண்டு மருத்துவர் திகைத்தனர்.

மூளை ஏன் பிதுங்குகின்றது?

இதன் காரணத்தை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். வளர்ந்த ஒருவரின் மண்டையோட்டினுள் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் அளவு இடம் உண்டு. அதில் பத்தில் எட்டுப் பங்கை மூளை நிரப்பியுள்ளது. எஞ்சிய இரு பங்கில் குருதியும், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த தெளிந்த நீரும் உள்ளன. இம்மூன்றும் சுருங்கும் இயல்புடையன அல்ல, எலும்பும் விரியாது. எனவே ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்தே தீரவேண்டும். ஸ்காத்லாந்து நாட்டு மருத்துவராகிய மன்றோ 1783ஆம் ஆண்டிலும் கெல்லி 1824ஆம் ஆண்டிலும் இவ்வுண்மையை எடுத்துரைத்தனர்.

மண்டையினுள் சிறு கட்டி ஒன்று மெல்ல வளர்கின்றது என்க. முதலில் தெளிநீர் தண்டுவடப் பக்கம் இறங்கி அதற்கு இடம் விடும். பின்னர்ச் சிரைகளில் உள்ள குருதி வெளியேறி இடம் விடும். அதுவரை நோயாளிக்குத் தலைவலியன்றி வேறு துன்பம் மிகுதியாகத் தோன்றாது. விட்டுக்கொடுக்க இனி ஒன்றும் இல்லை என்னும் நிலை வந்தபின், கட்டி சிறிதே வளர்ந்தாலும் அழுத்தம் மடமடவென்று ஏறும். உடல்நலம் உடையார் தலையினுள் அழுத்தம் பாதரச அளவையில் 7 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்கும். 20ஐத் தாண்டி நிலைத்து நின்றால் இடர் நெருங்கிவிட்டது என்று மருத்துவர் கொள்வர்.

நெற்குதிரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. மேலே நெல் நிறைந்து அழுத்தும்போது அத்துளையைத் திறந்தால் நெல் சரிந்து வெளிப்படும். மண்டையோட்டின் அடியிலும் அத்தகைய பெருந்துளை ஒன்று உண்டு. தண்டுவடம் இறங்கும் வழி அது. உள்ளே அழுத்தம் மிகும்போது சிறுமூளையின் அடிப்பகுதி அத்துளையுள் இறங்கி அடைத்துக்கொள்ளும். மூச்சையும் இதயத்தையும் ஆளும் முகுளம் அவ்விடத்திலேதான் உள்ளது. அது நசுங்கினால் மூச்சு நின்றுவிடும்.

இஃதன்றி வேறு இடுக்குகளும் உள்ளன. பெருமூளையின் இரு பாதிகளுக்கிடையே அரிவாள் போன்றதொரு சவ்வும், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையே கூடாரம் போன்றதொரு சவ்வும் உள்ளன. அரிவாட்சவ்வின் கீழே மூளை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குத் தள்ளப்படுவதுண்டு. கூடாரச் சவ்வின் நடுவே உள்ள வாயிலில், காதுப்புறத்து மூளையின் உள்விளிம்பு பிதுங்குவதும் உண்டு. அங்கே கண்ணுக்குச் செல்லும் நரம்பு ஒன்று அகப்பட்டு நசுங்குவதால் அப்பக்கத்துக் கண்மணி விரிந்து, ஒளி பட்டாலும் சுருங்காமல் நிற்கும். அனுபவம் மிக்க மருத்துவர், நோயாளியின் கண் இமையைத் தூக்கிச் சிறு விளக்கால் பார்ப்பது இதனை அறிதற்பொருட்டே.

பெர்ன் நகரத்து ஆராய்ச்சி

இவ்வழுத்தம் ஏறுந்தோறும் உடலில் நிகழ்வது யாது? இவ்வினாவோடு குஷிங் 1900ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற்குப் பயணமானார். சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரில் கோக்கர் என்னும் அறுவை மருத்துவப் பேராசிரியரையும், குரோனெக்கர் என்னும் உடலியற் பேராசிரியரையும் அடைந்து அவர்களிடம் பணி செய்தார். கோக்கர் பின்னர் 1909ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர்.

அங்கே குஷிங், மயக்க மருந்து கொடுத்த விலங்குகளின் மண்டையில் சிறு துளையிட்டு, அதன்வழி உப்பு நீரைச் செலுத்தி உள்ளழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினார். மற்றொரு திறப்பில் கண்ணாடியைப் பொருத்தி, மூளையின் மேற்பரப்பில் ஓடும் குருதிக் குழாய்களை நேரே பார்த்தார். உள்ளழுத்தம் குருதியின் அழுத்தத்தை எட்டியதும் மூளை வெளிறிற்று. குருதி ஓட்டம் நின்றது. அந்நிலையில் வியத்தகு மாற்றம் நிகழ்ந்தது. விலங்கின் இரத்த அழுத்தம் தானே உயர்ந்து உள்ளழுத்தத்தை வென்றது. வெளிறிய மூளை மீண்டும் சிவந்தது. மேலும் நீரைச் செலுத்தினார். இரத்த அழுத்தம் மேலும் உயர்ந்தது. இவ்வாறு ஒன்றையொன்று முந்தும் போட்டி நெடுநேரம் நடந்து, முடிவில் உடலின் ஆற்றல் ஒடுங்கியபோதுதான் உயிர் நீங்கியது.

முகுளம் தனக்குக் குருதி குறையும்போது, உடலெங்கும் உள்ள குருதிக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துகின்றது என்னும் உண்மையை இவ்வாறு குஷிங் நிலைநாட்டினார். 1901ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். இரத்த அழுத்தம் ஏறுதல், நாடி தளர்தல், மூச்சு ஒழுங்கு கெடுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றின் மூளை நெருக்குண்கிறது என்பது பொருள். இம்மூன்றும் இன்றளவும் குஷிங்கின் பெயராலேயே வழங்குகின்றன.

இக்கண்டுபிடிப்பின் சிறப்பை ஓர்தல் வேண்டும். தலையில் அடிபட்டவனுக்கு நாடி நிதானமாக அடிப்பதைக் கண்டு அவன் நலம் பெறுகிறான் என்று மயங்குதல் எளிது. உண்மையில் அது முற்றுகையிடப்பட்ட கோட்டையிலிருந்து ஒலிக்கும் முரசொலி. உயர்ந்த இரத்த அழுத்தமும் பகையன்று. மூளைக்குக் குருதியை ஊட்ட உடல் செய்யும் இறுதிப் போராட்டம் அது. அதனை மருந்தால் தணிக்க முயல்வது தவறு. அழுத்தத்தின் காரணத்தை அகற்றுவதே செய்யத்தக்கது.

இத்தாலி நாட்டுப் பவியா நகரில், ரீவா-ரோச்சி என்பார் அமைத்த கருவி ஒன்றையும் குஷிங் கண்டார். கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி அது. அதனைப் பால்டிமோருக்குக் கொண்டு வந்து, தம் குறிப்புத் தாளில் நாடிக்கும் மூச்சுக்கும் பக்கத்தில் இரத்த அழுத்தத்தையும் எழுதலானார். தேர்ந்த மருத்துவர்க்கு விரலே போதும், கருவி எதற்கு என்றனர் சிலர். குஷிங் அவர்களோடு வாதிட்டுப் பொழுது போக்கவில்லை. அளந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

பிதுங்கும் மூளைக்கு ஒரு வாயில்

பால்டிமோருக்குத் திரும்பிய குஷிங் மூளை அறுவையையே தம் வாழ்நாட்பணியாக மேற்கொண்டார். தொடக்கத்தில் தோல்விகளே மிகுதி. கட்டி எங்குள்ளது என்று காட்டும் படக்கருவிகள் அந்நாளில் இல்லை. நோயாளிகள் பலர் கண்பார்வை மங்கிய பின்னரே வந்தனர். வேறோர் இடரும் இருந்தது. ஜெர்மானிய மருத்துவராகிய குவிங்கே 1891ஆம் ஆண்டில், இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளிடையே ஊசி செலுத்தித் தெளிநீரை எடுக்கும் முறையை வகுத்திருந்தார். அது பல நோய்களை அறிய உதவும் நல்ல முறையே. ஆனால் மண்டையினுள் கட்டி வளர்ந்து அழுத்தம் மிக்கிருக்கும்போது கீழே நீரை எடுத்தால், மேலிருக்கும் மூளை தாங்குவாரின்றிப் பெருந்துளையுள் இறங்கிவிடும். துன்பம் தீர்க்க ஏந்திய ஊசியே உயிரைக் கொண்டுபோன நிகழ்ச்சிகள் உண்டு.

கட்டியை அகற்ற இயலாவிடினும் அழுத்தத்தையேனும் தணித்தல் கூடாதோ என்று குஷிங் ஆராய்ந்தார். மண்டையெலும்பை ஓரிடத்தில் நீக்கிவிட்டால் அழுத்தம் தணியும். ஆனால் உச்சிப் பக்கத்தில் எலும்பை நீக்கினால், மூளை மெல்லிய தோலைத் தள்ளிக்கொண்டு பெரிதாகப் புடைக்கும். சில வேளை தோலையும் கிழித்து வெளிவரும். கை கால்களை இயக்கும் பகுதி கெட்டு நோயாளி முடமாவான். இதற்குக் குஷிங் கண்ட வழி எளிமையானது. காதிற்கு மேலே, கன்னப்பொறியில், மெல்லுதற்கு உதவும் தடித்த தசை ஒன்று விரிந்துள்ளது. அத்தசையைப் பிளந்து விலக்கி, அடியில் உள்ள எலும்பை மட்டும் நீக்கி, மூளையின் மேலுறையையும் திறந்துவிட்டு, மீண்டும் தசையை மூடித் தைத்தார். மூளை அப்புறம் சிறிது புடைத்து இளைப்பாறும். தசை அதனை அளவு மீறாமல் தாங்கிக்கொள்ளும். எவ்வாறாயினும் பிதுங்க முயலும் மூளைக்கு, உயிர்நிலை நோக்கிச் செல்லும் வழியை விட்டுத் தீங்கு குறைந்த வழியைக் காட்டியதே இம்முறையின் நுட்பம்.

1905ஆம் ஆண்டில் இதனை அவர் வெளியிட்டார். கட்டி நீங்காதபோதும் தலைவலியும் வாந்தியும் தணிந்து, கண்பார்வை காக்கப்பெற்றுச் சிலகாலமேனும் அமைதியாக வாழ்ந்தோர் பலர்.

தொண்டும் தோல்வியும்

பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியின் நோய்களையும் ஆராய்ந்து 1912ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அதன்பின் பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகவும் ஹார்வர்டுப் பேராசிரியராகவும் அமர்ந்தார். குருதி பெருகுவதைத் தடுக்க 1911ஆம் ஆண்டில் சிறு வெள்ளிக் கவ்விகளைக் கையாண்டார். 1926ஆம் ஆண்டில் போவி என்னும் அறிஞரின் துணையோடு, மின்னாற்றலால் குருதிக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் முறையைப் புகுத்தினார். முன்பு கைவிட்ட கட்டிகளையும் அதன்பின் அகற்ற முடிந்தது.

முதல் உலகப் போரில் அவர் ஐரோப்பாவில் பணியாற்றினார். 1917ஆம் ஆண்டில், பெல்ஜியம் நாட்டு இப்ரே நகரின் அருகே நிகழ்ந்த கொடும்போரில், தலையிற் குண்டுச் சிதறல் பாய்ந்த வீரர்களுக்கு இரவும் பகலும் அறுவை செய்தார். மூளையினுள் புகுந்த எலும்புத் துணுக்குகளை மெல்ல எடுத்தும், இரும்புச் சிதறலைக் காந்தத்தால் ஈர்த்தும், புண்ணின்வழி மூளை பிதுங்காதவாறு தலைத்தோலை நன்கு மூடித் தைத்தும் மருத்துவம் செய்தார். தொடக்கத்தில் நூற்றுவருள் 54 பேர் மாண்டனர். மூன்று திங்களில் அத்தொகை 29 ஆகக் குறைந்தது.

குஷிங் குறைகளே இல்லாதவர் அல்லர். உடன் பணியாற்றுவோரிடம் கடுமை காட்டுவார். சிறு பிழையையும் பொறார். ஆயினும் அக்கடுமையைத் தம்மிடமும் காட்டினார். ஒவ்வோர் அறுவைக்குப் பின்னும் தாம் கண்டதைத் தம் கையாலேயே ஓவியமாக வரைந்து வைப்பார். நலம் பெற்றுச் சென்றோரை ஆண்டுதோறும் தம் நிலையைக் கடிதத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்வார். 1926ஆம் ஆண்டில் அவருடைய மூத்த மகன் மோட்டார் வண்டி விபத்தில் மாண்டான். அத்துயரச் செய்தி வந்த நாளிலும், தமக்காகக் காத்திருந்த நோயாளிக்குரிய அறுவையை அவர் செய்து முடித்தார்.

தோல்வியை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. லியனார்டு உட் என்னும் புகழ் பெற்ற அமெரிக்கப் படைத்தலைவர்க்கு 1910ஆம் ஆண்டில் மூளையுறைக் கட்டியை அகற்றி வாழ்வளித்தார். கட்டி மீண்டும் வளர்ந்தது. 1927ஆம் ஆண்டில் மறுபடியும் அறுவை செய்தார். அறுவைக்குப் பின் மூளையினுள் குருதி கசிந்து, உட் உயிர் துறந்தார். நாடறிந்த தலைவர் தம் கையில் இறந்த அவ்வரலாற்றை, 1938ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் பிற மருத்துவர் கற்றுக்கொள்ளும் பொருட்டு விரிவாக எழுதினார். இளமையில் ஈதர் கொடுத்த நாளில் மறந்துவிடு என்று கூறியோர்க்கு அவர் இறுதிவரை அளித்த விடை இதுவே போலும்.

1931ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், உறுதி செய்யப்பட்ட தம் இரண்டாயிரமாவது மூளைக் கட்டி அறுவையை நிகழ்த்தினார். தாம் தொழில் தொடங்கிய நாளில் பெரும்பாலும் சாவிலே முடிந்த அறுவை, அவருடைய கடைசி ஆண்டுகளில் நூற்றுக்குப் பத்துப் பேரினும் குறைவானோரையே இழக்கும் அளவிற்குத் திருந்தியிருந்தது.

இறுதிக் காலம்

குஷிங் எழுத்திலும் வல்லவர். வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவப் பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை 1925ஆம் ஆண்டில் வெளியிட்டு, அடுத்த ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றார். 1932ஆம் ஆண்டில் பாஸ்டன் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மறு ஆண்டில் தாம் இளமையில் பயின்ற ஏல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1939ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள் இதய நோயால் இயற்கை எய்தினார். இறந்தபின் அவருடைய உடலை ஆராய்ந்தபோது, மூளையின் உள்ளறை ஒன்றில் சிறு நீர்க்கட்டி ஒன்று இருக்கக் கண்டனர். பிறர் தலையினுள் இரண்டாயிரம் கட்டிகளைத் தேடிய பெருமகனார், தம் தலையினுள்ளும் ஒன்றை அறியாமலே சுமந்து வாழ்ந்தார். அவர் தொகுத்த அரிய நூல்கள் ஏல் பல்கலைக்கழகத்தையே சேர்ந்தன.

அவர் ஊன்றிய வித்து மரமாயிற்று. மூளை பிதுங்கும் இடங்களை அடால்ப் மேயர் என்பார் 1920ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். சுவீடன் நாட்டு லுண்ட்பர்க் என்பார் 1960ஆம் ஆண்டில், மண்டையினுள் உள்ள அழுத்தத்தை இடைவிடாது அளந்து பதியும் முறையை வெளியிட்டார். 1971ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் முதன்முதல் நோயாளி ஒருவர்க்குப் பயன்பட்ட சி.டி. படக்கருவி, மண்டையைத் திறவாமலே உள்ளிருக்கும் கட்டியையும் குருதியையும் காட்டியது. வீக்கம் மிக்கபோது மண்டையெலும்பின் ஒரு பகுதியை நீக்கி மூளைக்கு இடம் தரும் முறை இன்றும் கையாளப்படுகின்றது.

முடிவுரை

மாணவர்களே! குஷிங்கின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. விளையாட்டிலோ வீதியிலோ தலையில் அடிபட்ட ஒருவன் எழுந்து நடப்பதைக் கண்டு, நலமாக உள்ளான் என்று விட்டுவிடாதீர்கள். தலைவலி மிகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தல், உறக்கம் மேலிடுதல், பேச்சுக் குழறுதல், ஒரு கண்மணி மற்றதினும் பெரிதாதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மூடிய கோட்டையினுள் போர் நடக்கும்போது வெளியே அமைதி தோன்றுதல் இயல்பு.

மற்றொரு பாடம் எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது. தவறு நேராத மனிதர் இல்லை. அதனை மறைப்பவன் மீண்டும் தவறுவான். மறப்பவனும் மீண்டும் தவறுவான். அளந்து, எழுதி, ஆராய்ந்து, திருத்திக்கொள்பவனே உயர்வான். பெயரும் அறியப்படாத முதியவர் ஒருவரின் சாவை ஓர் இளைஞர் மறவாதிருந்தார். அதனால் பின்வந்தோர் எண்ணற்றவர் உயிர் பெற்றனர். மருத்துவராயினும், ஆசிரியராயினும், உழவராயினும், நாம் ஆற்றும் பணியில் அத்தகைய மறவாமையைக் கைக்கொள்வோமாக.